எய்செனின் பெண்ணும் வான்கோவின் கட்டங்களும்

போன மாதம் எங்கட குழுவுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது. படம் கீறுகிற தோழி ஒருத்தி கிமோனோ உடுத்த ஒரு பெண் பாத்திரத்தை டப்லெட்டில் கீறிக்கொண்டு வந்து காட்டினா. வடிவான படம். கொண்டையில் நிறைய ஊசிகள், கீழே அலைகள், பின்னால் யப்பானிய எழுத்து ஒரு வரிசை. "இது ட்ரேஸ் பண்ணினதோ?" என்று ஒருவர் கேட்டார். "உடுப்பு மட்டும்தான் பார்த்துக் கீறினது, முகம் என்ரை" என்றா. அதோடு தொடங்கிவிட்டது. ட்ரேஸ் பண்ணுவது களவா? எங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு ஊரின் உடுப்பை எடுத்து எங்கட பாத்திரத்துக்குப் போடலாமா? அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம்? கடைசிக் கேள்விக்கு ஒருவரிடமும் பதில் இல்லை.

இந்தக் கேள்விகள் அனிமேயோடு வந்தவை இல்லை. 1887ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரில், 34 வயது ஒல்லாந்து ஓவியர் ஒருவர் யப்பானியப் பெண் ஒருத்தியின் படத்தின்மேல் மெல்லிய தாளை வைத்து ட்ரேஸ் பண்ணினார். பிறகு அதில் கட்டம் போட்டார். பிறகு அதைப் பெருப்பித்து எண்ணெய் வர்ணத்தில் தீட்டினார். அவர் வின்சென்ட் வான்கோ. தீட்டிய படமும் ட்ரேஸ் பண்ணின தாளும் இரண்டுமே இன்றும் அம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு பெரிய ஓவியர் 'பார்த்துக் கீறின' படத்தின் அத்தனை படிகளையும் நாங்கள் பின்தொடரக்கூடிய அரிய சந்தர்ப்பம் இது. அதனால் எங்கட வாக்குவாதத்தை அங்கே கொண்டுபோய்ப் பார்ப்போம் என்று நினைத்தோம்.

ஒரு சஞ்சிகையின் அட்டை

1886 மே மாதம் 'பாரி இலுஸ்த்ரே' என்ற பிரெஞ்சுச் சஞ்சிகை யப்பானுக்காக ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. கட்டுரையை எழுதியவர் ஹயாஷி தடமாசா. 1878 பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு மொழிபெயர்ப்பாளராக வந்து, அங்கேயே தங்கி, யப்பானியக் கலைப்பொருள் வியாபாரியானவர். பிரெஞ்சுக்காரர் யப்பானைப் பற்றிக் கனவு கண்டு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு யப்பானியரே தன் நாட்டைப் பற்றிப் பிரெஞ்சு வாசகருக்கு எழுதிய இதழ் அது. அதன் அட்டையில் ஒரு பெண் நின்றாள். கனமான கிமோனோ, அதன்மேல் இன்னொரு பெரிய மேலங்கி, கொண்டை நிறைய ஊசிகள். கேசாய் எய்சென் என்ற ஓவியர் அரை நூற்றாண்டுக்கு முன் செய்த மரக்கட்டை அச்சுப்படத்தின் மறுபதிப்பு. மறுபதிப்பில் படம் இடம் வலமாகப் புரண்டிருந்தது.

வான்கோ அந்த வருடத் தொடக்கத்தில்தான் பாரிசுக்கு வந்து தம்பி தியோவோடு தங்கியிருந்தார். யப்பானிய அச்சுப்படங்கள் மீதான ஆசை அதற்கு முன்னமே இருந்தது. 1885இன் கடைசியில் அன்வெர்ப்பில் இருந்தபோதே அறைச் சுவரில் சிலதைக் குத்தி வைத்திருப்பதாகத் தம்பிக்கு எழுதியிருக்கிறார். பாரிசில் சீக்ஃப்ரீட் பிங் என்ற வியாபாரியின் கடை மேல்மாடியில் ஆயிரக்கணக்கான தாள்கள் குவிந்து கிடந்தன. விலை மலிவு, சில சூ நாணயங்கள்தான். வான்கோ அங்கே மணிக்கணக்காகக் கிளறினார். வாங்கி விற்றுக் கொஞ்சம் காசு பார்க்கலாம் என்றும் யோசித்தார். 1887இல் 'லெ தம்பூரின்' என்ற கஃபேயில் ஒரு கண்காட்சியே வைத்தார், வியாபாரம் சரிவரவில்லை. விற்காமல் கையில் நின்றவைதான் அவருக்குப் பாடப்புத்தகமாகின. சகோதரர்கள் சேர்த்தவற்றில் 500க்கு மேற்பட்ட தாள்கள் இன்றும் அந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

'மூலம்' என்பது யாருடைய கோடு?

ட்ரேஸ் பண்ணுவது பற்றிக் கதைக்கும்போது நாங்கள் வழமையாக இரண்டு பேரைத்தான் யோசிக்கிறோம்: மூல ஓவியர், பார்த்துக் கீறினவர். எய்செனின் படம் உருவான விதத்தைப் பார்த்தால் கணக்கு கொஞ்சம் சிக்கலாகிறது.

எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், ஒரு அச்சுப்படத்துக்குப் பின்னால் நாலு தரப்பு இருந்தது. முதல் போட்டு, எந்தப் படம் விலைபோகும் என்று தீர்மானிக்கிற பதிப்பாளர். கோட்டுப்படம் கீறுகிற ஓவியர். செதுக்குகிறவர். அச்சடிக்கிறவர். ஓவியர் மெல்லிய தாளில் கறுப்பு மையால் கீறிக் கொடுப்பார். செதுக்குகிறவர் அந்தத் தாளைச் செர்ரி மரப்பலகையில் குப்புற ஒட்டி, கோட்டைவிட்டு மிச்ச மரத்தையெல்லாம் வெட்டி எடுப்பார். ஓவியரின் கைப்படம் அந்த வேலையிலேயே அழிந்துபோகும். பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் வேறு பலகை. தாள் அசையாமல் ஒரே இடத்தில் உட்காரப் பலகையின் ஓரத்தில் இரண்டு அடையாள வெட்டுகள். அச்சடிக்கிறவர் மூங்கில் மடலால் சுற்றிய வட்டமான ஒரு தேய்ப்பானைப் பிடித்துத் தாளின் முதுகில் தேய்ப்பார். கண்ணிமை போன்ற மெல்லிய கோடு படத்தில் விழுவது செதுக்கினவரின் கைத்திறன். வானம் கடும் நீலத்திலிருந்து மெதுவாக வெளிறுவது அச்சடித்தவரின் கைத்திறன். தாளில் பெயர் போடுவது பெரும்பாலும் ஓவியருக்கும் பதிப்பாளருக்கும்தான்.

ஆக, வான்கோவுக்கு முன்னமே ஒரு பின்பற்றல் நடந்துவிட்டது. எய்செனின் தூரிகைக் கோட்டைச் செதுக்குகிறவர் கத்தியால் 'ட்ரேஸ்' பண்ணியிருக்கிறார். அவரின் கோட்டைப் பாரிசின் அச்சகம் மறுபடி எடுத்திருக்கிறது. வான்கோவின் பென்சில் வந்து சேர்ந்தது அந்த வரிசையின் கடைசியில்.

இன்னொரு விஷயமும் இருக்கு. 1820களின் கடைசியில் யப்பானிய அச்சுப்படங்களில் ஒரு புதிய நீலம் பரவியது. அந்த நீலத்தையே பிரதானமாக வைத்துப் படம் செய்த முதல் ஆட்களில் எய்செனும் ஒருவர். அந்த நிறம் பிறந்தது ஜேர்மனியின் பெர்லினில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். யப்பானுக்கு அது கடல்வழி வந்து சேர்ந்த வாசல்களில் ஒன்று நாகசாகித் துறைமுகத்தின் தெஜிமா தீவு. 1641 முதல் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஐரோப்பியரில் ஒல்லாந்தர் மட்டும் அங்கே தங்கி வியாபாரம் செய்ய விடப்பட்டனர். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த அதே ஒல்லாந்தர்தான். ஐரோப்பிய நீலம் யப்பானுக்குப் போய், யப்பானியப் படமாகி, ஐரோப்பாவுக்குத் திரும்பி வந்து, அங்கே எல்லாரும் 'யப்பானின் நீலம்' என்று வாய் பிளந்து பார்த்தார்கள். 'சுத்தமான யப்பான் பாணி' என்று ஒன்றைத் தேடிப் போகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

தாள், கட்டம், கன்வஸ்

இப்போது வான்கோவின் மேசைக்கு வருவோம்.

முதல் படி: சஞ்சிகை அட்டையின்மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்து உருவத்தின் கோடுகளை எடுத்தார். எங்கட பள்ளிக்கூடக் காலத்தில் ட்ரேசிங் பேப்பர் வாங்கக் காசில்லாதபோது கொப்பித்தாளில் தேங்காயெண்ணெய் பூசி வெயிலில் காயவைத்து இலங்கைப் படம் எடுத்தோமே, அதே வேலை. இன்றைக்கு டப்லெட்டில் ஒரு லேயரை மங்கலாக்கி அதற்குமேல் கீறுவதும் அதே வேலை.

இரண்டாம் படி: அந்தத் தாளில் சதுரக் கட்டங்கள் போட்டார். சிறிய கட்டத்துக்குள் இருக்கிற கோட்டைப் பெரிய கட்டத்துக்குள் கொண்டுபோனால் அளவு மாறும், உருவம் கெடாது. ட்ரேசிங் தாளின் உயரம் ஏறக்குறைய 39 சென்ரிமீற்றர். கன்வஸின் உயரம் ஏறக்குறைய 100 சென்ரிமீற்றர். கையில் பிடித்துப் பார்க்கிற ஒரு தாள்ப்படம், சுவரில் தொங்கி எதிரே நின்று பார்க்கிற ஆள் ஆகிவிட்டது.

மூன்றாம் படியில்தான் அவர் மூலத்தை விட்டு விலகத் தொடங்குகிறார். மரக்கட்டை அச்சில் நிறம் தட்டையாக, நீர்த்தன்மையோடு, தாளுக்குள் ஊறி நிற்கும். வான்கோவிடம் இருந்தது எண்ணெய் வர்ணம். அது தாளில் ஊறாது, மேலே தடிப்பாக நிற்கும். மேலங்கியின் பச்சையையும் சிவப்பையும் பட்டை பட்டையாக அப்பினார். உருவத்துக்குப் பின்னால் பொன்மஞ்சள் தீட்டினார். ஆனால் கோட்டை விடவில்லை. ஐரோப்பியக் கலைப்பள்ளிகள் அப்போது ஒளியையும் நிழலையும் கொண்டு உருவத்தை உருட்டிக் காட்டக் கற்பித்தன. இங்கே நிழல் கிடையாது. தடித்த கரிய ஓரக்கோடும் உள்ளே நிரப்பிய நிறமும்தான். பிறகு வந்த வான்கோவின் படங்களை நாங்கள் எட்ட நின்றே அடையாளம் காண்பதற்கு இந்த ஓரக்கோடும் ஒரு காரணம்.

நாலாம் படி: ஓரம். எய்செனின் படம் ஒடுங்கி நீண்ட வடிவம், இரண்டு தாள்களை மேலும் கீழுமாகச் சேர்த்தது. கன்வஸ் அதைவிட அகலம். உருவத்தை வைத்த பிறகு சுற்றிவர இடம் மிச்சம். அந்த இடத்தில் வான்கோ ஒரு குளத்தைக் கீறினார்: அல்லி, மூங்கில், கொக்கு, தவளை. இவற்றையும் தானாக யோசித்துக் கீறவில்லை. தன்னிடமிருந்த வேறு யப்பானியத் தாள்களிலிருந்து கொக்கை ஒரு பக்கம், தவளையை ஒரு பக்கம் என்று பொறுக்கி எடுத்தார். இன்று கீறுகிறவர்கள் பல படங்களை ஒரு பக்கத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு வேலை தொடங்குவதுபோல.

அதே காலத்தில் ஹிரோஷிகேயின் இரண்டு படங்களையும் அவர் இப்படிப் பெருப்பித்துத் தீட்டினார். ஒன்று பூத்த பிளம் மரம், மற்றது மழையில் ஒரு பாலம். இரண்டுமே 1857இல் வந்தவை, ஒரே எடோக் காட்சித் தொடரைச் சேர்ந்தவை. அங்கேயும் ஓரத்தில் இடம் மிஞ்சியது. அதை யப்பானிய எழுத்துகளால் நிரப்பினார். அவருக்கு யப்பானிய மொழி தெரியாது. வேறு அச்சுப்படங்களில் கண்ட எழுத்துகளை வடிவமாகப் பார்த்துக் கீறினார், அவ்வளவுதான். பிளம் மரத்தின் ஓரத்தில் அவர் கீறியவற்றில் எடோவின் விலைமாதர் குடியிருப்பான யோஷிவாராவில் இருந்த ஒரு விடுதியின் பெயர் இருக்கிறது. பூத்த தோட்டத்தின் பக்கத்தில் ஒரு விடுதி விளம்பரம்! கையில் பச்சை குத்திய சீன எழுத்துக்கு என்ன கருத்து என்று பிறகு தேடுகிறவர்களைப் பார்த்து நாங்கள் சிரிக்கிறோம். வான்கோவும் அந்த வரிசையில் நிற்கிறார்.

அட்டையில் நின்றவள் யார்?

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கு. ட்ரேஸ் பண்ணினது சரியா பிழையா என்ற கேள்வியைவிடப் பெரிய கேள்வி இங்கேதான் வருகிறது.

எய்செனின் படத்தில் இருப்பவள் ஒரு 'ஓய்ரான்', யோஷிவாராவின் உயர்தர விலைமாது. கொண்டையின் வகையும், ஒபி எனப்படும் இடைப்பட்டியைப் பின்னால் கட்டாமல் முன்னால் கட்டியிருப்பதும் அதற்கான அடையாளங்கள். யோஷிவாராவுக்கு 1617இல் ஆட்சியாளர் அனுமதி கொடுத்தனர். 1657இல் எடோவை அழித்த பெருந்தீக்குப் பிறகு அது நகரின் ஓரத்துக்கு மாற்றப்பட்டது. சுற்றிவர அகழி. ஒரு பெரிய வாசல். ஆண்கள் வரலாம், போகலாம். உள்ளே இருந்த பெண்கள் நினைத்தபடி வெளியே போக ஏலாது.

அவர்களில் பெரும்பாலானோர் ஏழைக் குடும்பங்களிலிருந்து சிறு வயதிலேயே முற்பணத்துக்குக் கொடுக்கப்பட்டவர்கள். குழந்தையாக வந்தவள் ஒரு மூத்த ஓய்ரானுக்குப் பின்னால் எடுபிடியாக நடந்து தொழிலுக்குள் வளர்வாள். வீட்டுக்குக் கொடுத்த முற்பணம் அவள் பெயரில் கடன். ஒப்பந்தம் வருடக்கணக்கு. தரம் உயர உயரச் செலவும் உயரும். ஓய்ரானின் உடுப்பு, படுக்கை, கூடவருகிற சிறுமிகளின் உடுப்பு எல்லாம் அவளின் கணக்கிலேயே ஏறும்.

இதை வாசித்த பிறகு அந்தப் படத்தை மறுபடி பார்த்தோம். எங்கட கண்ணை முதலில் இழுத்தது அந்த மேலங்கிதான், மேகத்துக்குள் டிராகன் நெளிகிற கனத்த துணி. பாரிசின் வாசகரை இழுத்ததும் அதுதான், வான்கோ இவ்வளவு வர்ணத்தை அப்பினதும் அதன்மேல்தான். இப்படியான உடுப்புத்தான் உடுத்தவளின் கடனைக் கூட்டியது. முகமோ, இந்த வகைப் படங்களில் ஒரு பெண்ணுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாத முகம். ஒருத்தியை அடையாளம் காட்டுவதைவிட ஒரு பாணியைக் காட்டுவதே இந்தப் படங்களின் வேலை. விடுதிக்கு விளம்பரம், துணி வியாபாரிக்கு விளம்பரம், வாங்க வசதியில்லாதவனுக்கு ஒரு கனவு.

எய்சென் வெளியே நின்று பார்த்தவரும் இல்லை. தன்னைப் பற்றி எழுதிய குறிப்பில், தான் பெரும் குடிகாரன் என்றும், 1830களில் நெசு என்ற இடத்தில் விடுதி ஒன்றுக்கு உரிமையாளனாக இருந்ததாகவும், அது தீப்பற்றி அழிந்ததாகவும் சொல்கிறார். இந்தப் பெண்களை வடிவாகக் கீறிய கையே அவர்களை வைத்துப் பிழைத்த கையாகவும் தன்னைச் சொல்லிக்கொண்டது.

டோக்கியோவின் மினோவா பகுதியில் ஜோக்கன்ஜி என்ற விகாரை இருக்கிறது. சொந்தக்காரர் வந்து எடுக்காத யோஷிவாராப் பெண்களின் உடல்கள் அங்கே கொண்டுவந்து விடப்பட்டன. அதனால் சனங்கள் அதை 'எறிந்துவிட்டுப் போகும் கோயில்' என்று அழைத்தார்கள். அங்கே புதைக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 25,000 பேர் என்று சொல்லப்படுகிறது. 1872இல் அரசு இந்தப் பெண்களை விடுவிக்கும் ஆணை ஒன்றைப் போட்டது. ஆனால் அனுமதிபெற்ற விடுதிகள் வேறு பெயரில் தொடர்ந்தன. 1956இல் நிறைவேறிய சட்டம் 1958இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த பிறகே அவை மூடப்பட்டன. வான்கோ கன்வஸை எடுத்த 1887இல் யோஷிவாரா திறந்துதான் இருந்தது.

கொக்கும் தவளையும்

இதில் எவ்வளவு வான்கோவுக்குத் தெரிந்திருந்தது? அவள் என்ன தொழில் செய்தவள் என்பது தெரிந்திருக்கிறது. அதற்குச் சாட்சி அந்தக் குளம். பாரிசின் தெருப்பேச்சில் கொக்கு, தவளை ஆகிய இரண்டு சொற்களுமே விலைமாதைக் குறிக்கும் வசைச் சொற்கள். சுற்றிவர அவற்றைக் கீறியதில் ஒரு பகிடி ஒளிந்திருக்கிறது. பாரிஸ்காரருக்குத்தான் அது விளங்கும்.

அந்தப் பகிடி எங்களுக்குக் கொஞ்சம் உறுத்தியது. காரணம், வான்கோ இந்த வாழ்க்கையைத் தெரியாதவர் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன், 1882இல் ஹேக் நகரில் சீன் ஹோர்னிக் என்ற பெண்ணைச் சந்தித்தார். பிழைப்புக்காக உடலை விற்றவள். கையில் ஒரு மகள், வயிற்றில் இன்னொரு பிள்ளை. வான்கோ அவளோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினார், கல்யாணம் செய்யவும் நினைத்தார். வீட்டுக்காரர் எதிர்த்தனர், கையில் காசும் இல்லை. 1883 செப்டெம்பரில் அவளை விட்டுப் போனார். அந்தக் காலத்தில் அவளை வைத்துக் கீறிய ஒரு படத்தின் பெயர் 'துயரம்'. கர்ப்பிணி ஒருத்தி முழங்காலில் கையை மடித்து, அதற்குள் முகத்தைப் புதைத்தபடி குந்தியிருக்கிறாள். முகமே தெரியாத அந்தப் படத்தில் ஆள் தெரிகிறாள். தோளின் சரிவும் மார்பின் தொய்வும் ஒருத்திக்கு மட்டும் உரியவை.

இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. இரண்டிலும் ஒரே தொழிலுக்குத் தள்ளப்பட்ட பெண். கீறினவர் ஒரே ஆள். ஒன்றில் எதிரே இருந்த பெண்ணைப் பார்த்தார். மற்றதில் அவர் பார்த்தது தாளை. தாளிலிருந்து அவருக்குக் கோடு கிடைத்தது, நிறம் கிடைத்தது, வெற்றிடத்தை எப்படிப் பிரிப்பது என்ற பாடம் கிடைத்தது. அவள் கிடைக்கவில்லை. எய்செனின் தாளிலேயே அவள் பாதி அழிந்துதான் இருந்தாள், கட்டம் போட்டு எடுக்கும்போது மிச்சமும் போய்விட்டது.

தாளைவிட்டு ஆளிடம்

வான்கோ இதோடு நின்றிருந்தால் நாங்கள் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம். 1888 பெப்ரவரியில் தெற்குப் பிரான்சின் ஆர்ல் நகருக்குப் போனார். அங்கே அவர் யப்பானிய அச்சுப்படங்களைப் பெருப்பித்துத் தீட்டவில்லை. கடிதங்களில் மட்டும் யப்பானைப் பற்றியே கதைக்கிறார்: தன் வேலை முழுவதும் ஏதோ ஒரு விதத்தில் யப்பானியக் கலையின்மேல் நிற்கிறது என்கிறார், இங்கே கொஞ்சக்காலம் இருந்தால் கண்ணே மாறி யப்பானியரைப்போலப் பார்க்கத் தொடங்குகிறது என்கிறார். அந்த ஊரில் வளர்ந்த நாணலை வெட்டிப் பேனாவாக்கி வயலையும் கற்களையும் புள்ளியும் கோடுமாகக் கீறினார்.

அந்த வருடக் கோடையில் பியேர் லோத்தியின் 'மதாம் கிரிசாந்தேம்' என்ற நாவலை வாசித்தார். நாகசாகிக்கு வந்த பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஒருவன் மாதக் காசுக்கு ஒரு யப்பானியப் பெண்ணைத் தற்காலிக மனைவியாக வைத்திருக்கிற கதை. இளம் பெண்ணுக்கான 'மூஸ்மே' என்ற சொல்லை அதிலிருந்து எடுத்துக்கொண்டார். யூலையில் ஆர்ல் பகுதிச் சிறுமி ஒருத்தியைக் கதிரையில் இருத்தி ஒரு முழு வாரம் வேலை செய்தார். படத்துக்கு 'மூஸ்மே' என்று பெயர். வயது 12க்கும் 14க்கும் இடையில் என்று தம்பிக்கு எழுதினார்.

இந்தப் படத்தில் கிமோனோ இல்லை, மூங்கில் இல்லை, யப்பானிய எழுத்து இல்லை. கோடு போட்ட மேற்சட்டை, நீலத்தில் செம்மஞ்சள் புள்ளி போட்ட பாவாடை, கையில் அலரிப்பூ. எய்செனிடம் கற்றது எல்லாம் இதற்குள் இருக்கு: ஆழமில்லாத வெளிர்ப் பின்னணி, தெளிவான ஓரக்கோடு, துணியின் கோலத்தையே படத்தின் பலமாக்குவது. கூடவே, களைத்துப்போய் இருக்கிற, கொஞ்சம் பயந்த மாதிரிப் பார்க்கிற ஒரு பிள்ளையின் முகமும் இருக்கு. அந்த முகத்தை வேறெந்தத் தாளிலிருந்தும் எடுக்க ஏலாது.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. ஒரு கடற்படைக்காரன் யப்பானியப் பெண்களைப் பொம்மைபோலப் பார்த்து எழுதிய புத்தகத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்து, ஒரு சிறுமியின்மேல் ஒட்டினார். அந்தச் சொல் இன்றும் நிற்கிறது, பிள்ளையின் பெயர் பதிவாகவில்லை. ஆனாலும் அட்டையிலிருந்து மூஸ்மேக்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை என்பதை நாங்கள் கவனித்தோம். இவ்வளவு கெதியாகப் போனதற்கு அந்தக் கட்டம் போட்ட தாள் உதவியிருக்கிறது. ட்ரேஸ் பண்ணாமல் இருந்திருந்தால் அந்த ஓரக்கோடு இவ்வளவு இறுக்கமாகக் கைக்கு வந்திருக்குமா என்று யோசிக்க வேண்டும்.

கதை திரும்பியும் போனது. 1910இல் டோக்கியோவில் தொடங்கிய 'ஷிரகபா' என்ற இளைஞர்களின் இலக்கியச் சஞ்சிகை வான்கோவை யப்பானிய வாசகருக்கு அறிமுகம் செய்தது. அவர்களும் முதலில் மூலப் படங்களைக் காணவில்லை. சஞ்சிகையில் அச்சான படங்களைப் பார்த்தே அவரை நேசித்தார்கள். அட்டைப்படம் பார்த்து யப்பானை நேசித்தவருக்கு அதே மாதிரியான வாசகர்கள்.

எங்கட மேசைக்கு

இவ்வளவையும் வாசித்த பிறகு எங்கட வாக்குவாதத்துக்குத் திரும்பினோம். ட்ரேஸ் பண்ணுவது கற்கிற வழிகளில் ஒன்று. வான்கோ செய்தார், நாங்களும் செய்யலாம். ஆனால் எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்ல வேண்டும். ஓவியரின் பெயர் தெரிந்தால் போட வேண்டும். இரண்டாவது, உடுப்பையும் எழுத்தையும் எடுக்கும்போது அவை என்ன என்று தேடிப் பார்க்க வேண்டும். வான்கோவிடம் இல்லாத வசதி எங்களிடம் இருக்கு. சட்டைப்பையிலேயே இருக்கிற போனை எடுத்துப் பார்க்கச் சோம்பல் என்றால் அதற்குச் சாட்டு இல்லை. 'ஓய்ரான்' உடுப்பு இன்று விளையாட்டுகளிலும் அனிமேயிலும் சும்மா ஒரு அலங்காரமாக வந்து போகிறது. அதைக் கீறக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. கீறுகிறவருக்கு அந்த அகழியும் கடன் கணக்கும் தெரிந்திருந்தால் பாத்திரத்தின் முகம் வேறு மாதிரி வரும் என்று நினைக்கிறோம்.

தோழியின் படத்தில் பின்னால் இருந்த எழுத்தை இப்போது தேடிப் பார்த்துவிட்டோம். ஒரு சாப்பாட்டுக்கடைக் கதவில் தொங்குகிற அறிவித்தல் அது: 'இன்று கடை பூட்டு.' எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தோம், அவவும்தான். எழுத்தை அழித்துவிட்டா. உடுப்பு எந்தப் படத்திலிருந்து எடுத்தது என்று கீழே ஒரு வரி எழுதியிருக்கிறா. கோட்டை மாற்றவில்லை, அது நல்ல கோடு. அடுத்த படத்துக்குத் தன்ர சின்னம்மாவைத் தையல் மெசினுக்கு முன்னால் அசையாமல் இருக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாவாம். சின்னம்மா அரை மணித்தியாலம்தான் தருவேன் என்று சொல்லிவிட்டாவாம். வான்கோவுக்கு ஒரு வாரம் கிடைத்தது.